ஆணிப் பலகையில் அப்பா

எங்கள் ஊரில் ராகு காலத்தை என் அப்பாவைப் போலக் கறாராகக் கடைப்பிடித்தவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு அது தொடங்குகிறது என்றால், நாலு மணிக்கே சட்டையை மாட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஊரார் அந்த ஒன்றரை மணி நேரம் எப்போது முடியும் என்று காத்திருப்பார்கள். அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் அது எப்போது தொடங்கும் என்று காத்திருப்பார்கள். அவர்கள் சேர்ந்து நடத்திய மனிதநேய மன்றத்தின் கூட்டங்களை ராகு காலத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது மன்றத்தின் முதல் தீர்மானம். நல்ல நேரம் கெட்ட நேரம் என்று எதுவும் கிடையாது என்பதை ஊருக்குக் காட்ட அவர்கள் கண்டுபிடித்த வழி அது. எங்கள் வீட்டு நாள்காட்டியில் அம்மாவைவிட அப்பாதான் அதிகம் நேரம் பார்ப்பார்.

இந்தத் தீர்மானத்தால் மன்றத்துக்குச் சில சங்கடங்களும் வந்தன. ஒரு மே மாதம், வளைகுடாவிலிருந்து திரும்பிய கடையநல்லூர்க்காரர் ஒருவர் பெரிய தொலைநோக்கி ஒன்றைச் சுமந்து வந்தார். குழந்தைகளுக்கு நட்சத்திரம் காட்டுவதாக ஏற்பாடு. நிகழ்ச்சி வழக்கம்போல நாலரைக்குத் தொடங்கியது. வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆறு மணி வரை ஒரு நட்சத்திரமும் வரவில்லை. வந்தவர் மனம் நோகக் கூடாது என்று தொலைநோக்கியைத் திருப்பி வைத்தார்கள். வரிசையில் நின்று நாங்கள் எல்லோரும் கோவில் கோபுரத்துப் பொம்மைகளை மூக்கு முழி வரை தெளிவாகப் பார்த்துவிட்டு வீடு திரும்பினோம்.

மன்றம் கூடியது உறுப்பினர் ஒருவருடைய தறிக்கூடத்தில். ஞாயிற்றுக்கிழமை அங்கே தறி ஓடாது. தறிகளுக்கு முன்னால் இருந்த காலி இடத்தில் பாய் விரித்துவிட்டால் அரங்கம் தயார். தலைவர், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். அவரைச் சின்னவர் பெரியவர் எல்லோரும் தலைவர் சார் என்றுதான் கூப்பிடுவோம். பூச்சந்தையில் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி பொருளாளர். வாரத்தில் ஆறு நாள் சாமிக்குப் பூ விற்றுவிட்டு, ஏழாம் நாள் சாமி இல்லை என்று கேட்டுப்போக வருவார். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பா, செயலாளர்.

மே மாதத்துக் கூட்டங்கள் எல்லாம் குழந்தைகளுக்கானவை. ஒரு வாரம் நர்சு ஒருவர் வந்து விரல் நுனியில் குத்தி எங்கள் ரத்த வகையைச் சொன்னார். என் வகுப்பில் எனக்குப் பிடிக்கவே பிடிக்காத ஒருத்தியும் நானும் ஒரே வகை என்று தெரிந்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அன்று டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போன அப்பா, நர்சு பஸ் ஏறிய பிறகுதான் திரும்பி வந்தார்.

கூட்டம் முடிந்ததும் சுண்டல் உண்டு. ஆனால் சும்மா கிடைக்காது. எழுந்து ஒரு கேள்வி கேட்டால்தான் பொட்டலம் கைக்கு வரும். கேள்வி எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை, கேட்காமல் இருக்கக் கூடாது என்பார் தலைவர் சார். அதனால் நாங்கள் பேச்சைக் கவனிக்காமல் கேள்வி தயாரித்துக்கொண்டிருப்போம்.

எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் சண்டை கிடையாது. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் கோமதி அம்மன் சந்நிதிக்குப் போவாள். அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மன்றத்துக்குப் போவார். நான் வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு, ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு என்று பாகம் பிரித்திருந்தார்கள். இரண்டு இடத்திலும் தின்பதற்கு ஏதாவது கிடைத்ததால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் நாலாம் வகுப்பு முடித்த கோடையில் ஆணிப் பலகை வந்தது. பக்கத்துக் கிராமம் ஒன்றில் யாரோ ஒருவர் ஆணிகளின் மேல் படுத்தபடி அருள்வாக்குச் சொல்கிறார் என்று பேச்சுக் கிளம்பி, எங்கள் ஊரிலிருந்தும் ஆட்கள் வேன் பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். இதைச் சும்மா விடக் கூடாது என்று மன்றத்தில் முடிவாயிற்று. தச்சு வேலை செய்யும் உறுப்பினர் ஒருவர் நாலடி நீளத்தில் பலகை அறுத்துக் கொடுத்தார். அப்பாவும் அவரும் விரலிடை விட்டு விரலிடை, தலை கீழும் கூர் மேலுமாக ஆணி அடித்தார்கள். ஒரு ஆணிகூட மற்றதைவிட உயரமாக இருக்கக் கூடாதாம். இரண்டு வாரம் எங்கள் முற்றத்தில் இந்த வேலைதான் நடந்தது. அப்பா எனக்குக் கட்டில் செய்கிறார் என்று பக்கத்து வீட்டு அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். யோசித்துப் பார்த்தால் அவள் நினைத்ததில் பெரிய தவறு இல்லை.

பலகையைக் கொண்டு வருவதற்கு முன்னால், யார் படுப்பீர்கள் என்று தலைவர் சார் கேட்டபோது எல்லோரும் கையைத் தூக்கினோம். பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்ததும் அத்தனை கையும் இறங்கிவிட்டது. ஒற்றை ஆணியில் பலூனை வைத்தால் வெடிப்பதையும், ஆணிப் பலகையில் வைத்து அழுத்தினால் வெடிக்காததையும் அவர் செய்து காட்டினார். பாரம் எல்லா ஆணிக்கும் பங்காகிவிடுகிறது, ஒன்றுக்கும் குத்துகிற அளவுக்கு மிஞ்சுவதில்லை என்று விளக்கினார். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கை ஒன்றும் எழவில்லை.

அப்பாவுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. "அடுத்த வாரம் என் மவ படுப்பா" என்று அறிவித்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டில் அம்மா பொரிந்து தள்ளினாள். "பச்சப் புள்ளைய ஆணில போடுததுக்கா மன்றம் வச்சிருக்கிய?" என்றாள். அப்பா பலூன் கதையைச் சொன்னார். நான் பலூன் இல்லையே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் சொல்லவில்லை, ஏனென்றால் தெருவில் எல்லாப் பிள்ளைகளிடமும் நான் ஏற்கெனவே பீற்றிக்கொண்டாயிற்று.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மன் சந்நிதியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு ஆணிகூடக் குத்தாமல் இருந்தால் மாவிளக்குப் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பச்சரிசி மாவில் வெல்லத்தைப் பிசைந்து, நடுவில் குழித்து, நெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றுகிற விளக்கு அது. அம்மனுக்கு அதுதான் பிரியம் என்று எங்கள் ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். எரிந்து முடிந்ததும் அந்த மாவைத் தின்னலாம் என்பதும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை படுத்தேன். அப்பா ஒரு பக்கமும் தலைவர் சார் ஒரு பக்கமும் பிடித்து மெல்ல இறக்கினார்கள். குத்தவே இல்லை. முதுகெங்கும் விரல் நுனிகளால் அழுத்துவது போல இருந்தது, அவ்வளவுதான். கூட்டம் கை தட்டியது. ஓர் அண்ணன் செல்போனில் படம் பிடித்தான். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அத்தோடு இறங்கி வந்து உட்கார்ந்திருக்கலாம். சுண்டல் நினைப்பு விடவில்லை. கேள்வி நேரம் வந்ததும் எழுந்து நின்றேன்.

"சார், பலகையாலதான் எனக்குக் குத்தலையா, இல்ல நான் அம்மன்ட்ட வேண்டிக்கிட்டதால குத்தலையா?"

பூக்கடை அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வே செயலாளரே, உம்ம வீட்டுலேயே உமக்கு ஆப்பு வச்சாச்சுல்லா!" என்றார். அப்பா தரையைப் பார்த்தார்.

தலைவர் சார் மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை வருடத்தில் இந்த மன்றத்தில் கேட்கப்பட்ட ஒரே விஞ்ஞானக் கேள்வி இதுதான் என்றார். எனக்கு இரண்டு பொட்டலம் கொடுக்கச் சொன்னார். கரும்பலகையில் மேலே 'வேண்டுதலுடன்: குத்தவில்லை' என்று எழுதினார். அதற்குக் கீழே 'வேண்டுதல் இன்றி:' என்று எழுதி, பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்டார். அடுத்த ஞாயிறு வேண்டாமல் ஒருவர் படுக்க வேண்டும், அப்போதுதான் சோதனை முழுமையாகும் என்றார்.

யார் படுப்பது என்பதில் பெரிய விவாதம் நடந்தது. நான் படுக்க முடியாது. வேண்டாதே என்று சொன்னால் எனக்கு அதற்கப்புறம் அம்மன் நினைப்பைத் தவிர வேறு நினைப்பே வராது என்று நானே ஒப்புக்கொண்டேன். வேறு குழந்தைகளும் மனசுக்குள் என்ன செய்வார்கள் என்று யார் கண்டது? தச்சு வேலைக்காரர், பலகை செய்யத் தொடங்கும்போதே உளிக்குப் பொட்டு வைத்ததாகச் சொல்லி விலகிக்கொண்டார். கடைசியில் அண்ணாச்சிதான் முடித்து வைத்தார்.

"எந்த நிலைமையிலயும் சாமி பேரைச் சொல்ல மாட்டாருன்னு அடிச்சுச் சொல்லக்கூடிய ஆளு நம்ம செயலாளர் ஒருத்தர்தான். அவரே படுக்கட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாவும் தட்டினார். சற்று நேரம் கழித்துத்தான் நிறுத்தினார்.

அந்த வாரம் முழுக்க அப்பா எங்கள் வீட்டு மூலையில் சாத்தி வைத்திருந்த பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்ப்பார், எடுத்துக்கொள்வார். குழந்தையின் பாரம் வேறு, பெரியவர் பாரம் வேறு, இருந்தாலும் ஆணிகளின் எண்ணிக்கைக்கு அது ஒன்றும் அதிகமில்லை என்று கேட்காமலேயே எனக்கு விளக்குவார். ராத்திரி இரண்டு தோசையோடு எழுந்துவிடுவார். ஊசி என்றால் பஸ் ஸ்டாண்ட் வரை ஓடுகிற மனிதர், ஆயிரம் ஆணியின் மேல் தன் பிள்ளையைப் படுக்கச் சொன்னவர். இப்போது பின்வாங்கினால் மன்றத்தில் மட்டுமல்ல, வீட்டிலும் தலை காட்ட முடியாது. அது எனக்கே புரிந்தது. பாவமாக இருந்தது.

"புள்ளையே படுத்து எழுந்திருச்சிட்டா. நீங்க என்னத்துக்குப் பயப்படுதிய?" என்றாள் அம்மா.

"யாரு பயந்தா?" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை கோவிலில் அம்மா வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். எனக்குப் பிரசாத நினைப்பு வந்து சேலையைப் பிடித்து இழுக்கப்போனபோது அவள் முணுமுணுப்பது காதில் விழுந்தது. "அவுகளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது தாயே. புள்ளையோட சேத்து நானும் ஒரு மாவிளக்குப் போட்டுருதேன்."

அங்கேயே, சந்நிதியிலேயே கத்திவிட்டேன். "எம்மா, வேண்டக் கூடாதும்மா! வேண்டாம படுக்கணும், அதுதான் சோதனையே!"

அம்மா கண்ணைத் திறந்தாள். திருநீற்றை எடுத்து நிதானமாக என் நெற்றியில் பூசினாள்.

"படுக்கவுக வேண்டக் கூடாதுன்னுதான சொன்னாவ? நான் வேண்டக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே. அப்பாட்ட சொல்லாத, என்ன?"

தலையை ஆட்டிவிட்டேன். ஆனால் அடுத்த இரண்டு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தலைவர் சார் என்னை நம்பி இரண்டு பொட்டலம் கொடுத்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் சோதனை செல்லாது, அப்பா மறுபடியும் ஒரு நாள் படுக்க வேண்டிவரும். அதற்கும் அம்மா வேண்டமாட்டாள் என்று யார் உறுதி சொல்ல முடியும்? அப்பா ஆயுள் முழுக்க ஞாயிறுதோறும் ஆணிப் பலகையில் படுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒன்பது வயதில் அவ்வளவு தூரம் யோசித்து, வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தறிக்கூடம் நிரம்பியிருந்தது. அருள்வாக்குக் கேட்கப் போய்வந்தவர்கள்கூடச் சிலர் வந்திருந்தார்கள். எதிர்பாராத ஒன்றும் நடந்தது. அதுவரை மன்றத்துப் படியை மிதிக்காத அம்மா, பக்கத்து வீட்டு அக்காவோடு வந்து வாசல் ஓரமாக நின்றாள்.

அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு வந்தார். பலகை அவருக்குக் குட்டை என்பதால், காலை நீட்டிக்கொள்ளச் சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள். "வேண்டுதல் ஏதாவது உண்டா?" என்று தலைவர் சார் சம்பிரதாயமாகக் கேட்டார். "இல்லை" என்றார் அப்பா. வாசலைப் பார்த்தபடி மெல்ல உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து அம்மா தாலிச்சரட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்ணை மூடினாள். உதடு அசைய ஆரம்பித்தது. பாய்ந்து போய் அவளுக்கு முன்னால் நின்று, தலைவர் சார் கண்ணில் படாமல் பாவாடையை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டேன். அம்மாவின் நெஞ்சு உயரம்தான் அப்போது நான். அதனால் என்ன மறைந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்பா எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். வாசலுக்கு மேலே கடிகாரம் மாட்டியிருந்தது. இன்னும் எவ்வளவு நேரம் என்று மணி பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, அப்படியே சாய்ந்து படுத்துவிட்டார்.

குத்தவில்லை. தலைவர் சார் கடிகாரம் பார்த்து இரண்டு நிமிடம் எண்ணினார். அப்பா முகத்தில் முதலில் ஆச்சரியம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. "நல்லாத்தான் இருக்கு வே, தலவாணி ஒண்ணு இருந்தா தூங்கிருவேன்" என்றார். கூட்டம் ஆரவாரித்தது. அந்த உற்சாகத்தில் அவசரமாக எழுந்தவர், முழங்கையை ஒற்றை ஆணியில் ஊன்றிவிட்டார். பொட்டுப் போல ரத்தம் வந்தது.

இது கணக்கில் சேருமா சேராதா என்று ஒரு சிறு சர்ச்சை எழுந்தது. படுத்திருக்கும்போது குத்தவில்லை, எழும்போதுதான் குத்தியது, பாரம் முழுவதும் ஒரே ஆணியில் இறங்கியதால் இது விஞ்ஞானத்துக்குச் சாதகமான சாட்சிதான் என்று தலைவர் சார் தீர்ப்புச் சொன்னார். எனக்கு வேறு காரணம் தெரிந்திருந்தது. அம்மா படுப்பதற்கு மட்டும் வேண்டிவிட்டு, எழுந்திருப்பதற்கு வேண்ட மறந்துவிட்டாள்.

கரும்பலகையில் கேள்விக்குறியை அழித்துவிட்டு, 'வேண்டுதல் இன்றி: குத்தவில்லை' என்று எழுதினார்கள். யாரோ ஒரு சாமிக்குச் சொல்லிவைத்து வாங்காமல் போன சம்பங்கி மாலையை அண்ணாச்சி கொண்டுவந்து அப்பா கழுத்தில் போட்டார். கேள்வி உண்டா என்று தலைவர் சார் நேராக என்னைப் பார்த்துக் கேட்டார். என்னிடம் கேள்வி இருந்தது. ஊரிலேயே பெரிய கேள்வி இருந்தது. ஒன்றுமில்லை சார் என்றேன். அன்று எனக்குச் சுண்டல் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முழங்கைக்கு டிஞ்சர் போட்டாள். அதன் மேலேயே கோவிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண்ணையும் குழைத்துத் தடவினாள். அப்பா இரண்டுக்கும் கையை நீட்டிக் காட்டினார். மூன்று நாளில் ஆறிவிட்டது. எதனால் ஆறியது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

மன்றத்தில் நடந்ததையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வைப்பது செயலாளர் வேலை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் எழுதி முடித்துவிட்டுத்தான் அப்பா சாப்பிடுவார். அந்த வாரம் எழுதவில்லை. திங்கட்கிழமை குறிப்பேட்டைத் திறந்தார், பேனாவைக் கடித்தார், மூடி வைத்தார். செவ்வாயும் புதனும் அப்படித்தான். கை வலி என்று நினைத்தேன். அடிபட்டது இடது கை என்பது எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அம்மா பச்சரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, தாம்பாளத்தில் இரண்டு விளக்கு பிடித்து வைத்தாள். ஒன்று என்னுடையது. அப்பா அலுவலகத்துக்குக் கிளம்புகிறவர், தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எதற்கு இரண்டு என்று கேட்டால் என்ன சொல்வது என்று நான் அவசரமாக ஒரு பொய் தேடினேன். அவர் கேட்கவில்லை. "பாரமா இருக்கும், கொண்டா" என்று தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு எங்களோடு நடந்தார். கோபுர வாசலில் அம்மா கையில் கொடுத்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறப் போனார். நல்லவேளை, அப்பா எண்ணவில்லை என்று நான் அம்மன் முன்னால் நின்று நன்றி சொன்னேன்.

அன்று சாயங்காலம் மாவை உருண்டை பிடித்துத் தின்றுகொண்டே குறிப்பேட்டை எடுத்து ஒரே மூச்சில் எழுதினார். நான் தோளுக்கு மேலே எட்டி வாசித்தேன். பலகையின் நீளம், ஆணிகளின் இடைவெளி, வந்திருந்தவர்கள், முழங்கைக் காயம், ஒன்றையும் விடவில்லை. கடைசி வரி இப்படி இருந்தது: 'படுத்தவர் தரப்பில் வேண்டுதல் எதுவும் இல்லை. ஆணி குத்தவில்லை.'

"தலைவர் சார் இப்படி எழுதலையேப்பா" என்றேன்.

"இது ஆபீஸ்ல எழுதுத பாஷை. உனக்குப் புரியாது" என்றார்.

தாலுகா அலுவலகத்தில் மனுக்களுக்குப் பதில் எழுதி எழுதிக் கைக்கு வந்த பழக்கம் என்று நானும் நம்பினேன். அம்மாவின் ரகசியத்தை அப்பாவுக்குத் தெரியாமல் நான்தான் காப்பாற்றிவிட்டேன் என்று வெகுநாள் வரை எனக்குப் பெருமை. அந்த ஒரு வரியை எழுத அவருக்கு ஏன் ஐந்து நாள் ஆனது என்று மட்டும் நான் யோசிக்கவே இல்லை.